கூச்ச மீனும் கவர்னர் பெயரும்: ஒரு தொட்டி மாற்றத்தின் கதை

கோவில்பட்டியில இருந்து இன்னொரு எபிசோடு. இது பேச்சில் இருந்து எழுத்துக்கு மாற்றித் திருத்திய வடிவம். ஒலியில் இருந்த இருமல், பக்கத்து வீட்டு மிக்ஸி எல்லாம் நீக்கப்பட்டிருக்கு.

கயத்தாறு பக்கத்தில் இருந்து ஒரு தம்பி கேட்ட கேள்விதான் இந்த எபிசோடுக்கு ஆரம்பம். அவர்கிட்ட 2 அடி தொட்டியில் ஆறு மிஸ் கேரளா மீன் இருக்கு. இப்போ 4 அடி தொட்டி வாங்கியிருக்கார். "அண்ணே, இதுங்க ஆள் நடந்தாலே ஃபில்டருக்குப் பின்னாடி போய் ஒளியுதுங்க. பெரிய தொட்டிக்கு மாத்தினா பயத்துலயே செத்துடுமா?" இதான் கேள்வி. ஐந்து நிமிஷத்துல பதில் சொல்லிடலாம்னுதான் உட்கார்ந்தேன். மீனோட அறிவியல் பெயரைத் தேடினதும் கதை 1860-களுக்குப் போயிடுச்சு.

வெள்ளி உடம்பு, மூக்கில் இருந்து நடு உடம்பு வரை சிவப்புக் கோடு, அதுக்குக் கீழே வால் வரை போகும் கறுப்புக் கோடு. சகியாத்ரியா டெனிசோனி. கேரளாவிலும் தெற்குக் கர்நாடகத்திலும் மேற்கு நோக்கி ஓடும் சில ஆறுகள்ல மட்டும் இருக்கிற மீன். 1865-ல் இதை முதன்முதலா விவரிச்சு எழுதினவர் பிரான்சிஸ் டே. மதராஸ் ராணுவத்தில் மருத்துவரா வந்து, கொச்சியில் வேலை பார்த்து, மருத்துவத்தை விட மீன்லயே அதிக நேரம் செலவழிச்ச மனுஷன். பின்னாடி இந்தியாவின் மீன்வள இன்ஸ்பெக்டர் ஜெனரல் ஆனார். 1870-களில் இந்திய மீன்கள் பத்தி அவர் எழுதின பெரிய நூலை இன்னிக்கும் ஆய்வாளர்கள் புரட்டறாங்க. முண்டக்காயம் மலைப்பகுதியில் கிடைச்ச இந்த மீனுக்கு அவர் வெச்ச பெயர், அப்போதைய மதராஸ் கவர்னர் சர் வில்லியம் டெனிசனுடையது.

கவர்னர் பெயரை மீனுக்கு வைக்கறது அந்தக் காலத்து மரியாதை. மேலதிகாரிக்கு ஒரு கும்பிடுன்னு வெச்சுக்கலாம். ஆனா டெனிசன் விஷயத்துல இந்தப் பெயர் எதேச்சையா ரொம்பப் பொருத்தமா அமைஞ்சிருக்கு. மீனை ஒரு தண்ணியில இருந்து இன்னொரு தண்ணிக்கு மாத்தற வேலையில் அடிபட்ட ஒரு காலனியை ஆண்டவர் அவர்.

டெனிசன் அடிப்படையில் ராணுவ இன்ஜினியர். நம்ம ஜாதிதான். 1847-ல் இருந்து 1855 வரை, இன்னிக்கு டாஸ்மேனியான்னு சொல்ற தீவில் லெப்டினன்ட் கவர்னர். அப்புறம் நியூ சவுத் வேல்ஸ். 1861-ல் மதராஸ். 1863 கடைசியில் எல்ஜின் பிரபு இறந்ததும் சில வாரம் இந்தியாவுக்கே தற்காலிக கவர்னர் ஜெனரல். அவர் டாஸ்மேனியாவில் இருந்தப்போ, 1852-ல், இங்கிலாந்தில் இருந்து சால்மன், டிரவுட் மீன் முட்டைகளைக் கப்பலில் கொண்டுவர ஒரு முயற்சி நடந்தது. கப்பல் பெயர் கொலம்பஸ். பூமத்திய ரேகைப் பக்கம் வரும்போது தண்ணி சூடாச்சு. முட்டைகள் நேரத்துக்கு முன்னாடியே பொரிஞ்சு, குஞ்சுகள் செத்துப்போச்சு.

இங்கே கொஞ்சம் நிறுத்தறேன், ஏன்னா நம்ம தொட்டிப் பிரச்சனையோட பாதி இதுக்குள்ள இருக்கு. சூடான தண்ணியில ஆக்சிஜன் குறைவாத்தான் கரையும். 20 டிகிரியில் ஒரு லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் தங்கும். 30 டிகிரியில் அது 7.5. இதே நேரத்துல, தண்ணி சூடானா மீனோட உடம்பு வேகமா இயங்கும், அதுக்கு அதிக ஆக்சிஜன் வேணும். வரவு குறையுது, செலவு கூடுது.

இதைத் தீர்த்தது பனிக்கட்டி. லண்டனில் ஒரு ஐஸ் கம்பெனியோட கிடங்கில் முட்டைகளை வெச்சுச் சோதிச்சுப் பார்த்தாங்க. குளிரில் முட்டை வளரும் வேகம் குறைஞ்சு, பொரியும் நாள் தள்ளிப்போகுதுன்னு தெரிஞ்சது. 1864-ல் ஜேம்ஸ் யூல் என்பவர், துளை போட்ட மரப்பெட்டிகளில் ஈரப்பாசிக்கு நடுவில் முட்டையை அடுக்கி, அந்தப் பெட்டிகளைப் பனிக்கட்டிக்குள் புதைச்சு, நார்ஃபோக் என்ற கப்பலில் அனுப்பினார். மூன்று மாசப் பயணம். பெரும்பகுதி வீணானாலும் மிச்சம் பிழைச்சது. டாஸ்மேனியாவில் டிரவுட் பரம்பரை அங்கே ஆரம்பிக்குது. டெனிசன் அப்போ மதராஸ்ல இருக்கார். பத்து வருஷத்துக்கு முந்தின ஆபீஸ் புராஜெக்ட் அவர் போனப்புறம் சக்ஸஸ் ஆகுது. நம்மில் பல பேருக்குப் பழக்கமான வலி.

இங்கே, அவர் கவர்னரா இருந்த 1863-ல், அதே பிரான்சிஸ் டே நீலகிரிக்கு டிரவுட் கொண்டுவர முயற்சி பண்ணினார். பலிக்கல. ஐஸ் புதுசு இல்ல. மெரினாவில் இன்னிக்கு விவேகானந்தர் இல்லமா இருக்கிற கட்டடமே 1842-ல் அமெரிக்க ஏரி ஐஸ் இறக்கி வைக்கக் கட்டினதுதான். ஆனா ஐஸ் துறைமுகம் வரை வர்றது ஒண்ணு, உயிருள்ள முட்டையை உதகமண்டலம் வரை குளிராவே ஏத்தறது வேற. நீலகிரியில் டிரவுட் நிலைச்சது அரை நூற்றாண்டு கழிச்சுத்தான். 1907-ல் ஹெச். சி. வில்சன் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் அமைச்சார். அங்கே கடைசியில் பிழைச்சது, முதலில் ஆசைப்பட்ட பிரவுன் டிரவுட் இல்ல, ரெயின்போ டிரவுட்.

சரி, வெப்பநிலை புரிஞ்சது. அடுத்த பாதி தண்ணிக்குள்ள கண்ணுக்குத் தெரியாம நடக்கிற விஷயம்.

1850-ல் லண்டனில் ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியலாளர் ஒரு பரிசோதனையை வெளியிட்டார். ஒரு கண்ணாடித் தொட்டி, இரண்டு தங்கமீன், வாலிஸ்னேரியா என்ற நீர்ச்செடி. முதலில் செடி அழுக ஆரம்பிச்சு தண்ணி கலங்குச்சு. சில நத்தைகளை விட்டார். அழுகின இலையை நத்தை தின்னுச்சு, தண்ணி தெளிஞ்சது. தண்ணியை மாத்தாமலே மீன் வாழ்ந்தது. மூணே வருஷத்தில், 1853-ல், லண்டன் விலங்குக் காட்சிசாலையில் பொதுமக்களுக்கு மீன் காட்சியகம் திறந்தாச்சு. வீட்டுக்கு வீடு தொட்டி மோகம். நம்ம ஊரில் 1909-ல் மதராஸ் மியூசியத்தின் எட்கர் தர்ஸ்டன் முயற்சியில் மெரினாவில் மீன் காட்சியகம் வந்தது. இந்தியாவின் முதல் காட்சியகம். இரண்டாம் உலகப்போர்ல மூடினாங்க.

ஆனா வாரிங்டன் கணக்கில் ஒரு ஆள் விடுபட்டிருந்தார். மீன் கழிவில் இருந்து வர்ற அம்மோனியாவை யார் அகற்றறாங்க? செடி கொஞ்சம் எடுத்துக்கும். பெரிய வேலையைச் செய்யறது பாக்டீரியா. 1877-ல் பிரான்சில் ஷ்லோசிங், முன்ட்ஸ் என்ற இருவர் சாக்கடை நீரை மணல் வழியா விட்டு, அம்மோனியா நைட்ரேட்டா மாறறது உயிர்களோட வேலைன்னு காட்டினாங்க. குளோரோஃபார்ம் ஆவி விட்டதும் அந்த மாற்றம் நின்னு போச்சு. உயிர் இல்லைன்னா ஏன் நிக்கணும்? 1890 வாக்கில் வினோகிராட்ஸ்கி அந்தப் பாக்டீரியாக்களையே தனியாப் பிரிச்சுக் காட்டினார்.

புதுத் தொட்டி ஏன் மீனைக் கொல்லுதுன்னா, இந்தப் பாக்டீரியா அங்கே இன்னும் குடியேறலை. கண்ணாடி பளபளன்னு இருக்கும், தண்ணி ஸ்படிகம் மாதிரி இருக்கும், உள்ளே அம்மோனியா ஏறிக்கிட்டே போகும். பாக்டீரியா தானா வந்து சேர நாலில் இருந்து ஆறு வாரம் ஆகும். "பழைய தொட்டித் தண்ணியையே புதுசுல ஊத்திடுங்க"ன்னு கடையில சொல்வாங்க. அதுல பெரிய பயன் இல்ல. பாக்டீரியா தண்ணியில மிதக்கறது குறைவு, ஃபில்டர் ஸ்பாஞ்சிலயும் கூழாங்கல்லிலயும் ஒட்டிக்கிட்டு இருக்கும். அதனால தம்பி, பழைய ஸ்பாஞ்சைக் கழுவாம அப்படியே புது ஃபில்டரில் வைங்க. இல்லைன்னா இன்னும் நல்லது, புது ஃபில்டரைப் பழைய தொட்டியிலயே மாட்டி ஒரு மாசம் ஓடவிட்டு, அப்புறம் மாத்துங்க. சர்வரை மாத்தறதுக்கு முன்னாடி புது மெஷினை பழையதோட சேர்த்து ஓட விடுவோம்ல, அதே கதை.

கரிசல் பூமிக்குன்னு இதில் ஒரு கூடுதல் ஆபத்து இருக்கு. நம்ம மண்ணைத் தோண்டினா சுக்கான் கல் வரும், சுண்ணாம்புச் சத்து. அதனால பெரும்பாலான போர் தண்ணி கடினமா, காரத்தன்மையோட இருக்கும். கெட்டில் அடியில படியற வெள்ளை அதுதான். அம்மோனியா தண்ணியில இரண்டு வடிவத்தில் இருக்கும். அமிலப் பக்கம் சாய்ஞ்ச தண்ணியில் பெரும்பாலும் அம்மோனியமா இருக்கும், அது அவ்வளவு விஷமில்ல. காரம் ஏற ஏற அது அம்மோனியாவா மாறி மீனோட செவுள் வழியா உள்ளே போகும். அதாவது ஒரே அளவு கழிவு, மூணாறு தண்ணியில் மீன் தாங்கிக்கும், நம்ம போர் தண்ணியில் கொன்னுடும். பழைய தொட்டியில ஒரு தண்ணி, புதுத் தொட்டியில நேரடி போர் தண்ணின்னு மாத்தினவங்க "காலையில பார்த்தா எல்லாம் மிதக்குது"ன்னு சொல்றதுக்கு இது ஒரு முக்கியக் காரணம்.

மீனைச் சுமந்து போறதில் நம்ம நாட்டுக்குன்னு ஒரு பழைய அறிவு இருந்தது. வங்காளத்தில் ஆற்றில் இருந்து மீன் குஞ்சு பிடிக்கறவங்க, மண்பானையில் குஞ்சை வெச்சு, காவடி மாதிரி தோளில் தூக்கி, ரயிலேறி தூரதேசக் குளங்களுக்குக் கொண்டுபோவாங்க. வழி முழுக்கப் பானையைக் குலுக்கிக்கிட்டே இருக்கணும். குலுக்கினா காற்று தண்ணியில கரையும். மண்பானை வியர்க்கும், அதனால தண்ணி குளிர்ந்து இருக்கும். இடையில கொஞ்சம் செம்மண் தூவுவாங்க. செத்த குஞ்சு, கழிவு எல்லாம் மண்ணோட சேர்ந்து அடியில படியும், அதைத் துணியில ஒத்தி எடுத்துடுவாங்க. காற்று, குளிர்ச்சி, கழிவு நீக்கம். ஆக்சிஜன் அடைச்ச பாலித்தீன் பை வர்றதுக்கு முன்னாடி பானைக்காரர் கையில மூணும் இருந்தது. யூல் பிரபலமானார், பானைக்காரர் பெயர் எங்கேயும் இல்ல.

எல்லா மீனுக்கும் இவ்வளவு பவுசு தேவையில்லைன்னும் சொல்லணும். நம்ம கண்மாய்ல கிடக்கிற ஜிலேபிக் கெண்டையையே எடுங்க. ஆப்பிரிக்காவின் மொசாம்பிக் பக்கத்து மீன். இந்தியாவுக்கு வந்தது 1952-ல், மண்டபம் வழியா. உப்புத் தண்ணி, கலங்கல் தண்ணி, வெயில்ல சுடற தண்ணி எல்லாம் அதுக்கு ஒண்ணுதான். தாய் மீன் முட்டையை வாயில வெச்சு அடைகாக்கும், பிறந்த சில மாசத்துல குஞ்சே குஞ்சு போட ஆரம்பிச்சுடும். ஏழைகளுக்கு மலிவான புரதம்னு கொண்டுவந்தாங்க. ஏழே வருஷத்தில், 1959-ல், இனிமே பரப்ப வேண்டாம்னு மத்திய மீன்வள ஆய்வுக் குழு சொல்ல வேண்டியதாப் போச்சு. அதுக்குள்ள அது பரவியாச்சு. உடுமலைப்பேட்டை அமராவதி அணையில் வலை போட்டா முக்கியமா வர்றது அதுதான். "எந்தத் தொட்டிக்கு மாத்தினாலும் பிழைச்சுக்கும்"னா, அந்தத் தொட்டியில ஏற்கெனவே இருந்தவனுக்கு அது நல்ல சேதி இல்ல.

மிஸ் கேரளா நேர் எதிர். வேகமா ஓடற, குளிர்ந்த, ஆக்சிஜன் நிறைஞ்ச மலை ஆற்றுல, கூட்டமா வாழப் பழகின மீன். அதோட கூச்சத்தைக் குணம்னு நாம சொல்றோம். மீன் பக்கத்துல இருந்து பார்த்தா அது கணக்கு. பத்து இருபது கண் சுத்திப் பார்க்கும்போது ஒவ்வொண்ணும் கொஞ்சம் நிம்மதியா மேயலாம். மூணு பேர் மட்டும் இருந்தா எல்லா நிழலும் எதிரி. ஆறு என்பது குறைந்தபட்சம். இடம் இருந்தா பத்து.

இந்தக் கூச்சக்காரனை உலகம் கண்டுபிடிச்சது 1990-களில். 1997-ல் சிங்கப்பூர் அக்வாராமா கண்காட்சியில் புது இனங்கள் பிரிவில் மூணாவது பரிசு. அதுக்கப்புறம் ஜப்பான், ஐரோப்பா, அமெரிக்கான்னு எல்லா இடத்திலும் கேட்டாங்க. போனது பெரும்பாலும் பண்ணை மீன் இல்ல, ஆற்றில் பிடிச்சது. 2005-ல் இருந்து 2012 வரை இந்தியாவில் இருந்து ஏற்றுமதியான அழிவாபத்து நன்னீர் மீன்களை ஆய்வாளர்கள் கணக்கெடுத்தாங்க. இந்தச் சிவப்புக்கோட்டு மீனும் அதோட சாலக்குடி உறவினரும் மட்டும் 3 லட்சத்துக்கு மேல. இது சட்டப்படி கணக்கில் வந்தது மட்டும். பிடிச்ச இடத்துக்கும் விமானத்துக்கும் நடுவில் செத்தது இதில் வராது.

2008-ல் கேரள அரசு பிடிப்புக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. சில மாதம் தடை, அளவு வரம்பு. நல்ல நோக்கம். ஆனா தடை மாதங்களை மழைக்காலத்தை ஒட்டி வெச்சாங்க, மீன் இனப்பெருக்கம் பண்றதோ பெரும்பாலும் மழை ஓய்ஞ்சப்புறம். ஸ்பெக் எழுதினவர் யூசரைக் கேட்காம எழுதின மாதிரி. பின்னாடி வந்த ஆய்வுகள் இதைச் சுட்டிக்காட்டின. சர்வதேச சிவப்புப் பட்டியலில் இப்போ இது அழியும் ஆபத்தில் உள்ள இனம். ஒரே ஆறுதல், கொச்சி பனங்காட்டில் இருக்கிற மீன்வளக் கல்லூரியில் இதைத் தொட்டியிலயே இனப்பெருக்கம் செய்யற வழியைக் கண்டுபிடிச்சாங்க. பண்ணைக் குஞ்சு இப்போ கிடைக்குது. அது நம்ம ஊர்த் தண்ணியையும் ஆற்று மீனை விட நல்லாத் தாங்கும். கடையில "இது பண்ணையா, ஆறா?"ன்னு கேளுங்க. அண்ணாச்சி முழிச்சார்னா, இன்னொரு கடை இருக்கு.

இப்போ மாத்தற வேலை. பங்குனி, சித்திரையில் செய்யாதீங்க. கோவில்பட்டி வெயில்ல தொட்டித் தண்ணி 32 டிகிரியைத் தொடும், இந்த மீன் 25-க்குள்ள சௌகரியமா இருக்கும். கார்த்திகை, மார்கழி சரியான நேரம். எல்லாத்தையும் ஒரே நாள்ல, ஒண்ணா மாத்துங்க. "இரண்டை விட்டுப் பார்ப்போம்"னு பண்ணினா அந்த இரண்டும் மூலையில ஒடுங்கும். வலை போட்டுத் துரத்தாதீங்க. சாயங்காலம் விளக்கை அணைச்சு, தண்ணி மட்டத்தைக் குறைச்சு, ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் தண்ணியோட மொண்டு எடுங்க. புதுத் தண்ணியை ட்ரிப் குழாய் மாதிரி சொட்டுச் சொட்டா, ஒன்றரை மணி நேரம் கலக்க விடுங்க. ஆனா பையில அடைச்சு ரொம்ப நேரம் இருந்த மீனுக்கு இது பொருந்தாது. அடைச்ச பையில கழிவு சேரும், கரியமில வாயுவும் சேர்ந்து தண்ணி அமிலமா இருக்கும். திறந்து சொட்டு விட்டா காரம் ஏறி உள்ளே இருக்கிற அம்மோனியம் விஷமா மாறும். வெப்பத்தைச் சமன் பண்ணிட்டு மீனை மட்டும் எடுத்து விட்டுடணும். பக்கத்து அறைக்கு மாத்தறதுக்குத்தான் சொட்டு. மேலே மூடி கட்டாயம். முதல் இரண்டு இரவு இது குதிக்கும். பின்பக்கம், பக்கவாட்டுல கறுப்புத் தாள் ஒட்டுங்க, செடியும் வேரும் வைங்க. 4 அடி வெறும் கண்ணாடி அதுக்கு 4 அடி பொட்டல். ஒளிய இடம் இருக்குன்னு தெரிஞ்சாத்தான் வெளியே வரும். முதல் நாள் தீனி வேண்டாம். ஒரு வாரம் ஒளிஞ்சே கிடந்தாலும் பதறாதீங்க.

தண்ணிக்கு என்ன பண்றது? போர் தண்ணியை விட நம்ம முனிசிபாலிட்டி குழாய் தண்ணி மேல். கோவில்பட்டிக்கு வர்ற குடிநீர் சீவலப்பேரியில் எடுக்கிற தாமிரபரணித் தண்ணி. குளோரின் இருக்கும், அதனால ஒரு நாள் திறந்து வெச்சுக் காற்றோட்டம் கொடுத்துப் பயன்படுத்துங்க. அந்த ஆறு பொதிகையில் பிறந்து கிழக்கே வருது. மிஸ் கேரளாவோட ஆறுகள் அதே மலைத்தொடரில் பிறந்து மேற்கே போகுது.

இந்த எபிசோடுக்குத் தேடும்போது தெரிஞ்ச ஒண்ணைச் சொல்லிட்டு முடிச்சுக்கறேன். நாம குடிக்கிற ஆற்றுக்கும் அதன் பெயரிலேயே ஒரு மீன் இருக்கு. டாக்கின்சியா தாம்பிரபர்ணியே. 1954-ல் விவரிச்சவர் ஈ. ஜி. சைலஸ், பின்னாளில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் இயக்குநர். ஆண் மீனோட முதுகுத் துடுப்பில் நூல் நூலா நீட்டிக்கிட்டு இருக்கும். பேரினத்தின் பெயர் 2012-ல் ரிச்சர்ட் டாக்கின்ஸைச் சிறப்பிக்க வெச்சது. இதுவும் அலங்கார மீன் வியாபாரத்தில் போகுது. இதுவும் சிவப்புப் பட்டியலில் அழியும் ஆபத்துப் பிரிவில்தான் இருக்கு. மிஸ் கேரளா எத்தனைன்னு கேட்டா கயத்தாறுல பதில் வருது. இதைப் பார்த்திருக்கீங்களான்னு சீவலப்பேரிக்காரர் இரண்டு பேர்கிட்ட கேட்டேன். ஒருத்தர் எந்த மீனுன்னு கேட்டார், இன்னொருத்தர் முன்னாடி வலையில விழும்னார். உங்கள்ல ஆற்றங்கரை ஆட்கள் யாராவது இருந்தா, போட்டோ எடுத்து அனுப்புங்க. மீனைப் பிடிக்க வேண்டாம்.